கடக்காமல் போனவர்கள்

பிரிக்பீல்ட்ஸ்,
6 ஏப்ரல் 1995

அன்புள்ள அண்ணனுக்குக் கலா எழுதுவது.

இங்கே நான் சுகம். அண்ணியின் முட்டி இந்த மழைக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற பண்டமாரானுக்குத் தபால் போடுகிறாளே, இவளுக்குப் பைத்தியமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் நீங்கள்தான்.

போன வாரம் உங்கள் கம்பெனியோடு நடந்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "கலா, சாப்டியா?" என்று கேட்டீர்கள் அல்லவா? கூட்டம் முடிந்ததும் எங்கள் மேலாளர் மிஸ்டர் யோங் என்னைத் தனியே கூப்பிட்டார். அந்த இன்ஜினியர் உனக்கு யார் என்றார். கூடப்பிறந்த அண்ணன் என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். கம்பெனிக்காரன் பொருத்திய விளக்குகளை அவன் தங்கையே எடை போடுவதா என்பது அவர் கவலை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஆய்வில் நான் இருக்கலாம். ஆனால் விளக்குகளைப் பற்றி உங்களிடம் என்ன பேசினாலும் எழுத்தில்தான் பேச வேண்டும். ஒரு நகல் ஆபீஸ் கோப்பில் இருக்க வேண்டும். எந்த மொழியில் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆக, அண்ணியின் முட்டியும் இனி கோப்பில் இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிள்ளானில் ஏழு சந்திப்புகளில் உங்கள் கம்பெனி கணினி விளக்குகளைப் பொருத்தியிருக்கிறது. சாலைக்கு அடியில் புதைத்த கம்பி வண்டிகளை எண்ணுகிறது, எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பச்சை என்பதைக் கணினி முடிவு செய்கிறது. இதனால் ஊருக்கு நன்மையா தீமையா என்று பார்த்துச் சொல்ல அமைச்சு எங்களை நியமித்திருக்கிறது. அதற்கு அந்தக் கணினி பதிந்து வைத்த கணக்கு எங்களுக்கு வேண்டும். மூன்று முறை கேட்டுவிட்டோம். வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், 'பயண நேரம் பாதியாகக் குறைந்தது, ஆய்வு உறுதி செய்கிறது' என்று வந்துவிட்டது. எந்த ஆய்வு அண்ணே? நாங்கள் இன்னும் நாற்காலிகூடப் போடவில்லை.

உங்கள் தங்கை,
சந்திரகலா


பண்டமாரான்,
15 ஏப்ரல் 1995

அருமைத் தங்கை கலாவுக்கு,

உன் கடிதத்தைப் புஷ்பா எனக்கு முன்பே படித்துவிட்டாள். தன் முட்டி அரசாங்கக் கோப்பில் ஏறியது பற்றி அவளுக்கு ஒரே பெருமை. ஆபரேஷன் ஆனதிலிருந்து வலி குறைவுதான், நடைதான் இன்னும் மெதுவாக இருக்கிறது.

பத்திரிகைக்காரனிடம் பேசியது நான் இல்லை, என் முதலாளி. அவரிடம் கேட்டேன். எப்படியும் அப்படித்தானே வரப்போகிறது என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும், நீயே சொல்லு.

கணக்கு வரும். பெட்டி பெட்டியாகக் காகிதத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள். அனுப்ப லோரிதான் பிடிக்க வேண்டும். உன்னிடம் ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்பெல்லாம் அந்தச் சாலையில் மாலையில் மாட்டினால் ஒவ்வொரு விளக்கிலும் நின்று நின்று வீடு வந்து சேருவதற்குள் மனிதனுக்கு உயிர் போய்விடும். இப்போது ஒரு பச்சையில் கிளம்பினால் அடுத்த பச்சை எனக்காகக் காத்திருக்கிறது. மழையில் நனைந்து நானே புதைத்த கம்பிகள் அவை. நீ ஒரு நாள் காரில் வந்து பார். பார்த்துவிட்டு எடை போடு.

அன்புடன்,
பாலன்


பிரிக்பீல்ட்ஸ்,
2 ஜூலை 1995

அன்புள்ள அண்ணனுக்கு,

காரில் வந்து பார்த்துவிட்டேன். ஒரு நாள் அல்ல, இரண்டு வாரம். நீங்கள் சொன்னது பொய்யில்லை. பெரிய சாலையில் போகிற வண்டிக்கு நேரம் நன்றாகவே குறைந்திருக்கிறது. பாதி இல்லை, கால்வாசி. ஆனால் கால்வாசியே பெரிய விஷயம். பங்சார் ஆபீஸுக்குத் திரும்பி வந்து எல்லாரிடமும் நல்லபடியாகத்தான் சொன்னேன். மிஸ்டர் யோங் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அது வேறு கதை.

காய்கறியும் மீனும் விற்கிற பாசாருக்கு எதிரே ஆட்கள் கடக்கிற இடத்தில்தான் எனக்குத் தலைவலி. கணக்கெடுக்கிற எங்கள் ஆபீஸ் பெண்கள் அங்கே இரண்டு பக்கமும் உட்கார்ந்து எண்ணினார்கள். நகராண்மையின் பழைய கணக்குப்படி, முன்பு பட்டனை அழுத்தினால் ஒரு நிமிடம்போல நிற்க வேண்டியிருந்தது. இப்போது மாலையில் மூன்று நிமிடத்துக்குப் பக்கமாக ஆகிறது. பெரிய சாலையில் வண்டி வந்துகொண்டே இருந்தால் கணினி பட்டனைக் கண்டுகொள்வதே இல்லை. வெயிலில் கையில் மீனை வைத்துக்கொண்டு யார் அவ்வளவு நேரம் நிற்பார்கள்? ஓடுகிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு மலாய்க்காரப் பெண் ஓடியதை நானே பார்த்தேன். மோட்டார் சைக்கிள்காரன் பிரேக் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது.

போலீஸ் பதிவிலும் விளக்கு மாறிய ஜனவரியிலிருந்து அந்த இடத்தில் விபத்துகள் கூடியிருக்கின்றன. இதையெல்லாம் ஒரு தனி அத்தியாயமாக எழுதுகிறேன். உங்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கலா


பண்டமாரான்,
14 ஜூலை 1995

கலாவுக்கு,

முதலிலேயே சொன்னதற்கு மிக்க நன்றி. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கோபம் கூடியதே தவிர குறையவில்லை.

அரசாங்கம் கேட்டது வண்டி நெரிசலுக்கு மருந்து. நாங்கள் மருந்து கொடுத்தோம். நெரிசல் குறைந்ததா என்றால் குறைந்தது என்று நீயே எழுதுகிறாய். பிறகு பாசாரில் மீன் வாங்குகிறவன் கதை எதற்கு?

போலீஸ் பதிவைத் தூக்கிக்கொண்டு வருகிறாயே, அந்த நிலையத்தில் இந்த வருஷத்திலிருந்து சின்னச் சின்ன உரசலைக்கூட எழுதச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அது உனக்குத் தெரியுமா? விசாரித்தாயா? எழுதுகிற பழக்கம் மாறினால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அதையும் என் விளக்கின் தலையில் கட்டுவாயா?

இன்னொன்று. நீங்கள் எங்களுக்கு அனுப்பிய எண்ணிக்கையை நான் வரி வரியாகப் பார்த்தேன். நகராண்மையின் பழைய கணக்கைவிட அந்த இடத்தில் கடக்கிற ஆட்களே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டார்கள். உன் பெண்கள் எண்ணியதுதான், நான் எண்ணியது இல்லை. கடக்கிறவர்கள் குறைந்தால் ஆபத்தும் குறைவுதானே? இந்த வரியை உன் கடிதத்தில் ஏன் காணோம்? நல்லதைச் சொல்ல மட்டும் உனக்கு மை தீர்ந்துவிடுகிறதா?

இதையும் கோப்பில் போடு.

பாலன்


பிரிக்பீல்ட்ஸ்,
3 செப்டம்பர் 1995

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம் ஆறட்டும் என்று இத்தனை நாள் விட்டேன். உங்கள் கோபம் அல்ல, என்னுடையது.

போலீஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. நானே நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து, பழைய பதிவையும் புதிய பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உரசல்களைக் கழித்துவிட்டால் விபத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பகுதியை முழுதாக அடித்து நீக்கிவிட்டேன். மிஸ்டர் யோங், "இது உன் அண்ணன் சொல்லித்தானே?" என்றார். ஆமாம், அவர் சொன்னார், நான் போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மை என்றேன். ஆபீஸில் எல்லாரும் என்னை உங்கள் ஆள் என்கிறார்கள். நீங்கள் என்னை எதிரி என்கிறீர்கள். நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

கடக்கிறவர்கள் குறைந்ததையும் எழுதிவிட்டேன். ஆனால் அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. மேலே இருக்கிற சந்திப்புக்குப் போய்க் கடக்கிறார்களோ என்று அங்கேயும் ஆள் வைத்து எண்ணினேன். அங்கே ஒருவரும் கூடவில்லை. பாசாரில் வியாபாரமும் அப்படியேதான் இருக்கிறது, பாசார் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள். அப்படியானால் சாலைக்கு எதிர்ப்பக்கத்து ஆட்கள் எங்கே போனார்கள்? எங்கள் பெண்கள் நிற்கிறவர்களிடம் கேள்வி கேட்கலாம். அங்கே இல்லாதவர்களிடம் எப்படிக் கேட்பது? 'காரணம் தெரியவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பாசார் சந்திப்பில் மட்டும் ஒரு வாரத்துக்குப் பட்டனுக்குச் சீக்கிரம் பதில் சொல்கிறமாதிரி மாற்றிவிட முடியுமா? அதையும் எண்ணிப் பார்த்துவிட்டால் வீண் வாதமே வேண்டாம்.

கலா


பண்டமாரான்,
11 செப்டம்பர் 1995

அன்புத் தங்கைக்கு,

போலீஸ் கணக்கை அடித்ததற்குச் சந்தோஷம். மனசாரச் சொல்கிறேன்.

விளக்கை மாற்ற முடியாது. முதலாளியிடம் கேட்டேன். ஒப்பந்தத்தில் வண்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எதற்கு நாமே வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்றார். கோலாலம்பூர் முழுவதற்கும் இதே விளக்கைப் பொருத்துகிற வேலை வரப்போகிறது. உங்கள் அறிக்கை நன்றாக வந்தால் அது எங்களுக்குத்தான். வந்தால் அதற்குத் தலைவன் நான். பதினாறு வருஷமாகக் கம்பியோடு மல்லுக்கட்டிய எனக்கு இது ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அந்த அத்தியாயத்தைக் கடைசியில் இணைப்பாகப் போட்டுவிடு. இல்லாமல் செய்யச் சொல்லவில்லை. பின்னால் தள்ளு, அவ்வளவுதான்.

தீபாவளிக்குப் புஷ்பா உன்னைக் கட்டாயம் வரச் சொல்கிறாள். வா. விளக்கைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாலன்


பிரிக்பீல்ட்ஸ்,
30 அக்டோபர் 1995

அன்புள்ள அண்ணனுக்கு,

கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற இரண்டு பேர்கூட நம்மைவிட அதிகம் பேசியிருப்பார்கள். தீபாவளியும் அதுவுமாக நீங்கள் மழையைப் பற்றிச் சொன்னீர்கள். நானும் மழையைப் பற்றிச் சொன்னேன். பாவம் அண்ணி, ஆட்டுக்கறியைப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் சீக்கிரம் கிளம்பியதற்குத் தலைவலி காரணமில்லை. அங்கே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. என் அத்தியாயம் போய்விட்டது. அமைச்சு கேட்டது பெரிய சாலையின் பயண நேரம், அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று எங்கள் ஆபீஸே முடிவு செய்துவிட்டது. நீங்கள் இணைப்பாகப் போடச் சொன்னீர்கள். இப்போது வெளியிடுகிற சுருக்க அறிக்கையில் இணைப்பாகக்கூட இல்லை. முழு அறிக்கையில் இருக்கிறது, ஆனால் முழு அறிக்கை அலமாரியில் இருக்கும்.

நவம்பர் 16ஆம் தேதி ஹோட்டல் கருத்தரங்கில் கண்டுபிடிப்புகளை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். மூன்று பட்டணங்களின் நகராண்மைக்காரர்கள் வருகிறார்கள். கேட்டுவிட்டுப் போய் அவரவர் ஊரில் இதே விளக்கைப் போடுவார்கள். பாதசாரிகளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று மிஸ்டர் யோங்கிடம் கேட்டேன். "யாராவது கேட்டா தாராளமா சொல்லு. ஆனா யாரும் கேக்கமாட்டாங்க லா" என்றார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். விட்டால் அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கும் என்று யோசித்துப் பேசாமல் இருக்கிறேன்.

சந்தோஷமா அண்ணே? பதில் எழுத வேண்டியதில்லை.

கலா


பிரிக்பீல்ட்ஸ்,
17 நவம்பர் 1995

அண்ணே,

நேற்றிலிருந்து நாலு முறை போன் செய்துவிட்டேன். வீட்டில் இல்லை என்கிறார் அண்ணி. அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் மறுபடியும் தபால்.

நான் பேசி முடித்ததும் எல்லாரும் தேநீருக்கு எழத் தயாராக இருந்தார்கள். கேள்வி உண்டா என்று ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார்கள். உங்கள் கம்பெனி வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தபோது, என்னை மட்டம் தட்டத்தான் எழுகிறீர்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாசாருக்கு எதிரே கடக்கிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறார்கள். கடக்காமல் போனவர்கள் எங்கே?" என்று நீங்கள் கேட்டதும் எனக்கு இங்கிலீஷ் மறந்துவிட்டது. உங்கள் முதலாளி திரும்பி உங்களைப் பார்த்த பார்வையை நான் மேடையிலிருந்து பார்த்தேன். நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. பிறகு நான் பேசினேன். காத்திருப்பது, ஓடுவது, எண்ணிக்கை குறைந்தது, ஏன் என்று தெரியாதது, எல்லாவற்றையும் சொன்னேன். கையில் தாள் ஒன்றுமில்லை. மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். அமைச்சிலிருந்து வந்த அம்மையார் முழு அறிக்கையைத் திங்கட்கிழமை தன் மேசையில் வைக்கச் சொல்லிவிட்டார். கார் பங்சார் வந்ததும், நன்றாகச் சொன்னாய் என்றார் மிஸ்டர் யோங். அதைப் போன மாதம் சொல்லியிருக்கலாம்.

நான் மேடையை விட்டு இறங்குவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம்தான். இப்படிக் கேட்கப்போகிறேன் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருந்தால் ஒழுங்காகத் தாள்களைக் கொண்டுவந்திருப்பேன். ஏன் கேட்டீர்கள் அண்ணே? உங்கள் வேலை என்னாயிற்று?

கலா


பண்டமாரான்,
26 நவம்பர் 1995

அன்புத் தங்கை கலாவுக்கு,

முன்கூட்டி எழுத, கேட்கப்போவது எனக்கே தெரியாது. எழுந்த நிமிடம் வரைக்கும் உட்கார்ந்தே இருப்பேன் என்றுதான் நினைத்தேன்.

உன் தீபாவளிக் கடிதம் வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை புஷ்பாவைப் பாசாருக்குக் கூட்டிப்போனேன். வீட்டுக்கு வருகிற காய்கறி வேன்காரனிடம் ஏன் அழுகினதற்கெல்லாம் இவ்வளவு கொடுக்கிறாய் என்று காலையில் சத்தம் போட்டிருந்தேன். அவள் காயை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். சாலைக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். பட்டனை நான்தான் அழுத்தினேன். நின்றோம். எனக்குத் தெரியும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. ஆனாலும் நின்று பார்த்தபோதுதான் அது எவ்வளவு நேரம் என்று தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் வண்டிக்கு நடுவில் புகுந்து ஓடிவிட்டார்கள். கடைசியில் பச்சை வந்தது. நான் பாதிச் சாலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் புஷ்பா இறங்கவே இல்லை. அதற்குள் விளக்கு விட்டு விட்டு மின்ன ஆரம்பித்துவிட்டது. திரும்பி ஓடி வந்தேன். என் விளக்கில் நானே ஓடினேன் கலா.

"நீங்க போய் வாங்கிட்டு வாங்க. நான் இந்தப் பக்கமே நிக்கிறேன்" என்றாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். விளக்கு மாறினதிலிருந்து என்றாள். அவ்வளவு நேரம் நின்றால் கால் மரத்துவிடுகிறது, அதன் பிறகு பச்சை வந்தாலும் நடுச்சாலைக்குள்ளே அது தீர்ந்துபோகிறது, பயமாக இருக்கிறது என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உங்க லைட்டு. நான் என்னான்னு சொல்றது?" என்றாள்.

பாசாருக்குப் போகாமலே திரும்பிவிட்டோம். காரில் அவள் வேறு ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். எனக்குள் ஓடியது உனக்கு நான் எழுதிய வரிதான். கடக்கிறவர்கள் குறைந்தால் ஆபத்தும் குறைவு என்று சாமர்த்தியமாக எழுதினேனே, அந்த மூன்றில் ஒரு பங்கில் என் மனைவி இருந்திருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே இருந்தவளை நான் எண்ணவில்லை, உன் பெண்களால் எண்ண முடியவும் இல்லை.

அப்படியும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எனக்கு ஆசை பெரிது. ஆனால் போலீஸ் கணக்கு உனக்குத் தோதாக இருந்தபோதே அதை அடித்தவள் நீ. அந்தப் பக்கத்தை நீ வைத்துக்கொண்டிருந்தால், இவள் என் மேல் உள்ள வீம்புக்கு எழுதுகிறாள் என்று எனக்குச் சாக்கு இருந்திருக்கும். நீ அதையும் மிச்சம் வைக்கவில்லை.

வேலையைக் கேட்கிறாய். முதலாளி கத்தவில்லை. கோலாலம்பூர் வேலைக்கு வேறு ஆள் என்றார். எனக்குக் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கிற இடம் காட்டினார். இரண்டு நாள் போனேன், மூன்றாம் நாள் போகவில்லை. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பேசி வைத்திருக்கிறேன். நீ இதற்காக மனம் வருந்தி நீளமாக எழுதாதே. நான் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கிறேன்.

அன்புடன்,
பாலன்


பண்டமாரான்,
9 மார்ச் 1996

அன்புத் தங்கைக்கு,

பாசார் சந்திப்பில் மூன்று மாதச் சோதனைக்கு விளக்கை மாற்றிவிட்டார்கள், அதன் பலனை எண்ணுவதும் உங்கள் ஆபீஸ்தான் என்று பத்திரிகையில் பார்த்தேன். பாராட்டுவதற்காக எழுதவில்லை. புகார் எழுதுகிறேன். இதையும் பதிந்துகொள்.

ஷா ஆலாம் வேலைக்கு நான் தினமும் அந்தச் சாலையில்தான் போகிறேன். நான் கட்டிவைத்த பச்சை வரிசை இப்போது பாசாரில் வந்து அறுந்துபோகிறது. எந்த நேரத்தில் போனாலும் எவனாவது பட்டனை அழுத்தியிருக்கிறான். இந்த வாரம் இரண்டு நாள் தாமதம். புது மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கிள்ளானில் கார் வைத்திருக்கிற ஒவ்வொருவனும் உன்னைத் திட்டுகிறான், உன் பெயர் தெரியாததால் பொதுவாகத் திட்டுகிறான். பயணநேரம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைக் குறைத்துக் காட்டாமல் உள்ளபடி எழுது. அது உன் கடமை.

நேற்று அரைநாள் வேலை, வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். அங்கேயே மறுபடியும் சிவப்பு. முதல் வண்டி என்னுடையது. எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டேன். முன்னால் ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் கையில் கூடையோடு புஷ்பா வந்தாள். தனியாகத்தான் வந்தாள். வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் காரையும் பார்க்கவில்லை. நடுச்சாலையில் ஒருமுறை நின்று கூடையைக் கை மாற்றிக்கொண்டாள். பிறகு அவள் நடையில் நடந்தாள்.

விளக்கு எனக்குப் பச்சையாகிவிட்டது. பின்னால் லோரிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். அவள் நடைமேடையில் ஏறுகிற வரைக்கும் நான் காரை எடுக்கவில்லை.

உன் அண்ணன்,
பாலன்